இருபதுகளில் மெலியும் முடி: எதை முதலில், எதைப் பிறகு

முடி கொட்டுவது வேறு, முடி மெலிவது வேறு. இளைஞர்கள் பயப்படுவது முதலாவதைப் பார்த்து. தலையைச் சொட்டையாக்குவதோ பெரும்பாலும் இரண்டாவது. நல்ல ஆரோக்கியமான தலையிலிருந்தே நாளுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். மூன்று நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவர் மூன்று நாள் கணக்கையும் ஒரே நேரத்தில் கையில் பார்த்துவிட்டுப் பதறுவார். அந்த எண்ணிக்கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. உதிர்ந்த இடத்தில் அடுத்து முளைப்பது எப்படிப்பட்ட முடி என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிடச் சன்னமாகவும் குட்டையாகவும் முளைத்தால், தினமும் கொட்டுவது கூடாமலேயே தலைத்தோல் தெரிய ஆரம்பித்துவிடும்.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். தலை துவட்டிய துண்டிலும் தலையணையிலும் கிடக்கும் முடியில் இருபது முப்பதைப் பொறுக்கி ஒரு தாளில் வரிசையாக வையுங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் தெரியும். ‘ஐயோ, வேரோடு வந்துவிட்டதே’ என்று பலர் கலங்குவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை; ஓய்வுக் காலம் முடிந்த முடியின் அடிப்பாகம், அவ்வளவே. மயிர்க்கால் தோலுக்குள் அப்படியே இருக்கிறது. கவனிக்க வேண்டியது மறுமுனையை. கத்தரி பட்ட முடியின் நுனி மொட்டையாக இருக்கும். நுனி கூர்ந்து, நீளம் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் நின்று, தடிமனும் குறைவாக இருந்தால், அந்த முடி கத்தரிக்கு எட்டும் முன்பே உதிர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு அப்படி இருப்பது இயல்பு. கணிசமாக இருந்தால் வளர்ச்சிக் காலம் சுருங்கிவருகிறது. (ஒட்ட வெட்டிக்கொள்பவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது.)

உள்ளே நடப்பது

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு முடியின் வளர்ச்சிக் காலம் இரண்டிலிருந்து ஆறு ஆண்டு. பிறகு ஓரிரு வாரம் அடங்கி, மூன்று மாதம் போல ஓய்வெடுத்து உதிரும். அதே மயிர்க்காலிலிருந்து புதிது கிளம்பும். ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் இந்தச் சுழற்சி நின்றுவிடுவதில்லை. வளர்ச்சிக் காலம் ஆண்டுக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்குக் குறைகிறது, மயிர்க்கால் சிறுத்துக்கொண்டே போகிறது, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடிதான் மிஞ்சுகிறது.

காரணம் டிஹெச்டி என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டியாக மாற்றுகிறது. வழுக்கை விழுபவரின் ரத்தத்தில் இந்த ஹார்மோன்கள் எகிறிக் கிடப்பதில்லை, அளவு பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். அவருடைய முன்தலை, உச்சந்தலை மயிர்க்கால்கள் அதற்கு அதிகமாக வினையாற்றுகின்றன. பின்தலையும் காதோரமும் அப்படி வினையாற்றுவதில்லை. அதனால்தான் முழுச் சொட்டையிலும் பின்னால் ஒரு வளையம் நிற்கிறது.

பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களில் குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது விழுந்தது என்பதையும் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் எழுதினார். 1974-இல் டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களைப் பற்றிய ஆய்வு வந்தது. அந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இருந்தது; அதை டிஹெச்டியாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறை. அவர்களுக்கு நெற்றி ஏறவில்லை, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியும் சிறியதாகவே இருந்தது. பின்னால் வந்த ஃபினஸ்டரைடு மாத்திரைக்கு வழி காட்டியது இந்தக் கண்டுபிடிப்புதான்.

‘தாய்மாமனைப் பார், உன் தலை தெரிந்துவிடும்’ என்பது பாதி உண்மை. ஆண் ஹார்மோன் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அது அம்மா வழியாக வருகிறது. ஆனால் வழுக்கையில் பங்குள்ள மரபணுக்கள் வேறு நிறைய உண்டு, அவை இரு பக்கத்திலிருந்தும் வரும். அப்பாவுக்கு அடர்த்தியான முடி இருக்கிறது என்பதையும் காப்புறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. தொப்பி, ஹெல்மெட், தினமும் ஷாம்பு போடுவது, சுயஇன்பம் இவற்றுக்கும் இந்த வழுக்கைக்கும் சம்பந்தம் இல்லை.

மருந்துக்கு முன் நோய் என்ன என்று தெரியட்டும்

எல்லா முடிப் பிரச்சினையும் பரம்பரை வழுக்கை இல்லை. இளைஞர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது, உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்த பிறகு தலை முழுக்கக் கொட்டும் தற்காலிக உதிர்வோடு. கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, பெரிய மன உளைச்சல் இவற்றில் ஏதாவது நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக வரும். இடைவெளி இருப்பதால் யாருக்கும் பழைய காய்ச்சல் நினைவுக்கு வராது, புதிதாக மாற்றிய ஷாம்புவின் மேல் பழி விழும். இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். அடங்கிய பிறகும் முன்னெற்றியும் உச்சியும் மட்டும் திரும்பி நிறையவில்லை என்றால், அடியில் பரம்பரை மெலிவு ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது, இந்த உதிர்வு அதை வெளியே காட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

காசு போல வட்டமாக, வழவழப்பாக ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அது புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது, வைத்தியமே வேறு. செதில், அரிப்பு, தோலுக்கு அருகிலேயே முறிந்த முடி என்றால் பூஞ்சையாக இருக்கலாம். முடியை இறுக்கிக் கொண்டை போட்டுப் போட்டு நெற்றியோரம் போனால் இழுப்பினால் வந்தது; இழுப்பதை ஆரம்பத்திலேயே நிறுத்தினால் திரும்பும். எரிச்சல், வலி, சீழ்க்கட்டி, மயிர்த்துளையே இல்லாமல் பளபளக்கும் தோல் ஆகியவை தழும்பு விழும் வகையின் அடையாளம். அதில் போன முடி வராது என்பதால் அந்த வாரமே தோல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஜிம்மில் அனபாலிக் ஸ்டீராய்டு எடுப்பவர் அதை மருத்துவரிடம் மறைத்துவிட்டு முடிக்கு மருந்து கேட்பதில் பயன் இல்லை. மரபு இருந்தால் அது வழுக்கையை வேகமாகத் தள்ளும்.

மருத்துவர் முதலில் ஐம்பது அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு தீவிரமாக நடக்கிறது. அடுத்து டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் தலைத்தோலைப் பார்ப்பார். உச்சியில் தடித்த முடியும் சன்னமான முடியும் கலந்திருந்து, ஐந்தில் ஒன்றுக்கு மேல் தடிமன் மாறுபட்டு, பின்தலையில் மட்டும் எல்லாம் ஒரே சீராக இருந்தால் பரம்பரை வழுக்கை என்று ஏறக்குறைய உறுதியாகிவிடும். வெறும் கண்ணுக்கு மெலிவு தெரிவதற்குள் அந்த இடத்தின் அடர்த்தியில் பாதி வரை போயிருக்கும் என்பதால், இந்தக் கருவி இல்லாமல் ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லி அனுப்புவதை நம்பிவிட வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. தலை முழுக்கச் சீராகக் கொட்டினால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு பார்க்கலாம். முடிக்கென்று பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லிவிட வேண்டும். அதிக அளவில் பயோட்டின் இருந்தால் தைராய்டு முடிவையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் முடிவையும்கூடத் தவறாகக் காட்டும். பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. சோதனையைக் கெடுப்பது மட்டும் நிச்சயம்.

இன்னொன்று, பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் பெரும்பாலான ஆண்களுக்குப் பையன் வயது நெற்றிக்கோடு கொஞ்சம் மேலே ஏறும். புருவத்தை உயர்த்தினால் விழும் மேல் சுருக்கத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மேலே கோடு நின்று, அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருந்தால் அது வளர்ந்த ஆணின் சாதாரண நெற்றி. இரு ஓரமும் குடைந்துகொண்டே போவது, கோட்டுக்குப் பின்னால் உள்ள முடி சன்னமாவது, உச்சியில் சுழி விரிவது இவை மூன்றும்தான் எச்சரிக்கை.

புகைப்படம்

மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணாடி சொல்லாது. தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரியாது, விளக்கு மாறினால் மட்டும் பகீரென்று தெரியும். அதனால் மருந்து ஆரம்பிக்கும் முன்பே படம் எடுத்துவையுங்கள். ஒரே அறை, ஒரே விளக்கு, ஃபிளாஷ் வேண்டாம், முடி காய்ந்திருக்க வேண்டும், பூச்சு எதுவும் கூடாது. நெற்றி நேராக, இரு ஓரம், உச்சி மேலிருந்து, நடுவகிடு எடுத்து ஒன்று. முடி வெட்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும்; மூன்று வாரம் வளர்ந்த முடியையும் நேற்று வெட்டிய முடியையும் ஒப்பிட்டால் எந்த மருந்தும் தோற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். நடுவில் எடுத்துப் பார்ப்பதெல்லாம் கவலையைத்தான் வளர்க்கும்.

மினாக்சிடில்

முதலில் இது ரத்த அழுத்த மாத்திரை. 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குப் பூசும் 2 சதவீதக் கரைசல் 1988-இல் வந்தது, ஆண்களுக்கான 5 சதவீதம் 1997-இல். டிஹெச்டியை இது தொடவே தொடாது. மயிர்க்காலின் ஓய்வுக் காலத்தைக் குறைத்து வளர்ச்சிக் காலத்தை நீட்டுகிறது. ஆகவே கீழே அடிப்படைக் காரணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பூசும் அளவு, 5 சதவீதக் கரைசல் ஒரு வேளைக்கு ஒரு மில்லி, நாளுக்கு இரண்டு வேளை. ஃபோம் என்றால் ஒரு வேளைக்கு அரை மூடி. பலர் கோட்டைவிடுவது பூசும் விதத்தில். கரைசலை முடியின் மேல் விட்டால் முடிதான் குடிக்கும், தோலுக்கு ஒன்றும் போகாது. தலை காய்ந்திருக்க வேண்டும். சீப்பால் வகிடு எடுத்து, டிராப்பர் நுனியைத் தோலில் வைத்து இரண்டு மூன்று சொட்டு, விரல் நுனியால் ஒற்றிப் பரப்பல், அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு. மெலியும் பகுதி முழுக்க இப்படி நான்கைந்து வகிட்டில் ஒரு மில்லி தீர்ந்துவிட வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரமாவது காய வேண்டும். ஈரத்தோடு படுத்தால் தலையணை வழியாகக் கன்னத்திலும் நெற்றியிலும் முடி முளைக்கும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போட வேண்டியதில்லை.

வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மினாக்சிடில் பூனைக்கு விஷம். தலையணையை நக்கினாலும், பூசிய தலையில் உரசிவிட்டு உடம்பை நக்கினாலும் உயிரே போகலாம்.

ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் பலருக்கு முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருந்த மயிர்க்கால்களை மருந்து புது வளர்ச்சிக்குத் தள்ளும்போது அவற்றில் தொங்கிக்கொண்டிருந்த பழைய முடி விழுகிறது. மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் என்றே பெரும்பாலும் இதை எடுத்துக்கொள்ளலாம். சரியாக இந்தக் கட்டத்தில்தான் பாதியில் நிறுத்துபவர்கள் நிறுத்துகிறார்கள், அதுவும் முடி போன தலையோடு. நான்கு மாதத்தில் ஏதாவது தெரியத் தொடங்கும், தீர்ப்பு ஒரு வருஷத்தில்.

அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி கரைசலில் உள்ள புரோப்பிலின் கிளைக்கால். ஃபோமில் அது கிடையாது, மாற்றிப் பாருங்கள். படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம், நெஞ்சுவலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. ஒழுங்காகப் பூசியும் ஒரு பயனும் இல்லாதவர்கள் உண்டு. மினாக்சிடில் அப்படியே வேலை செய்வதில்லை, மயிர்க்காலில் உள்ள சல்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி அதை மாற்றியாக வேண்டும். அந்த நொதி சிலருக்குக் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கும், இரண்டு வேளை பூச முடியாதவர்களுக்கும் 2.5 அல்லது 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. முடிக்கென்று அனுமதி பெறாத பயன்பாடு இது. உடம்பெங்கும் முடி, கணுக்கால் வீக்கம், நாடித்துடிப்பு கூடுதல் வரலாம் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் கூடவே கூடாது.

நிறுத்தினால்? மருந்தால் வந்ததும் மருந்தால் நின்றதும் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் போய்விடும். ஆண்டுக்கணக்கில் பூச மனம் இல்லாதவர் ஆரம்பிக்காமலிருப்பதே மேல்.

ஃபினஸ்டரைடு

முதலில் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமில் 1992-இல் வந்தது. முடிக்கு 1 மில்லிகிராம், 1997-இல். நொதியைத் தடுத்து டிஹெச்டியை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. அடிப்படைக் காரணத்தையே தொடுவதால், கையில் உள்ள முடியைக் காப்பாற்ற இதைவிட வலுவான சான்றுள்ள மருந்துகள் குறைவு. உச்சந்தலை மெலிந்த ஆண்களிடம் நடந்த இரண்டு வருஷப் பரிசோதனையில், மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான். நின்றது என்பதைக் கவனியுங்கள். போனதையெல்லாம் திரும்பக் கொண்டுவரும் மருந்து இது இல்லை. ஆகவே சீக்கிரம் ஆரம்பித்தவருக்கும் தாமதமாக ஆரம்பித்தவருக்கும் கிடைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் உண்டு.

நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ. பலன் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் தொடங்கும், ஒரு வருஷம் முடிந்து எடைபோட வேண்டும். நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் பழைய நிலை. 18 வயதுக்குக் கீழே கூடாது.

பக்கவிளைவைப் பற்றிப் பேசும்போது ஒரு கூட்டம் ‘ஒன்றுமே இல்லை’ என்கிறது, இன்னொரு கூட்டம் ‘ஆண்மையே போய்விடும்’ என்கிறது. ஆரம்பப் பரிசோதனைகளின் முதல் வருஷத்தில், ஆசை குறைதல், விறைப்புக் குறைதல், விந்து குறைதல் இவற்றில் ஏதாவது வந்ததாகச் சொன்னவர்கள் மருந்தில் 3.8 சதவீதம், போலி மாத்திரையில் 2.1 சதவீதம். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. நிறுத்திய பின்னும் நீடித்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதைத் தள்ளிவிட முடியாது. மனச்சோர்வு பற்றியும் எச்சரிக்கை உண்டு. தற்கொலை எண்ணம் ஒரு பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025-இல் உறுதி செய்தது. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு ஆளானவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. எடுக்கும்போது மனநிலை கீழே போனால் அன்றே நிறுத்திவிட்டுப் பேச வேண்டும்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். குழந்தைக்கு முயல்பவர்கள், விந்தணு எண்ணிக்கை குறைவானவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக நறுக்கிச் சாப்பிடும் வழக்கம் பரவலாக உண்டு. மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தாலும், நறுக்கிய துண்டையும் தூளையும் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும். ரத்த தானம் செய்யும்போது சொல்லிவிடுங்கள். மருந்தை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் பல இடங்களில் எடுப்பார்கள். வயதான பிறகு புராஸ்டேட்டுக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இந்த மருந்து பாதியாகக் காட்டும், அப்போதும் நினைவு வைத்துச் சொல்ல வேண்டும்.

இதே வகை மருந்தான ட்யூட்டஸ்டரைடு இதைவிடத் தீவிரம், டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். தென்கொரியாவும் ஜப்பானும் முடிக்கு அனுமதித்திருக்கின்றன. உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து வாரம் எடுக்கும் மருந்து. பக்கவிளைவு வந்து நிறுத்தினாலும் சட்டென்று வெளியே போகாது. இளைஞர் ஒருவர் முதல் மருந்தாக இதில் இறங்குவது தேவையற்ற அவசரம்.

இரண்டு மருந்தையும் சேர்த்து எடுப்பது தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். மூன்று மாத இடைவெளி விட்டால்தான், படபடப்பு வந்தால் எதனால், ஆசை குறைந்தால் எதனால் என்று தெரியும்.

துணைக்கு வருபவை

கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் பொடுகு அடங்கும்; முடிக்கும் சிறு உதவி இருக்கலாம். ஒன்றரை மில்லிமீட்டர் ஊசி உருளையால் மருத்துவர் வாரம் ஒருமுறை தலையில் உருட்டி, மினாக்சிடிலும் சேர்த்துக் கொடுத்தபோது தனி மினாக்சிடிலைவிட நல்ல பலன் கிடைத்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் செய்பவர்கள் தினமும் உருட்டிப் புண்ணாக்கிக்கொள்வதும், உருட்டிய கையோடு மருந்து பூசி எரிச்சலில் துடிப்பதும்தான் அதிகம். உருட்டினால் 24 மணி நேரம் மினாக்சிடில் வேண்டாம். பிஆர்பி ஊசி, அதாவது சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணு நிறைந்த பகுதியைத் தலையில் போடுவது, சிலருக்கு உதவுகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு முறை என்பதால் பலனும் ஒரே மாதிரி இல்லை. மருந்தை விட்டுவிட்டு அதை மட்டும் நம்புவது விவேகம் இல்லை. எண்ணெய் முடித்தண்டுக்கு நல்லது, சீப்பில் முறிவது குறையும். மயிர்க்கால் சுருங்குவதை அது நிறுத்தாது.

முடி நடுதல், அதுவும் இருபத்திரண்டு வயதில்

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். பின்தலை முடி டிஹெச்டிக்கு அசைந்துகொடுக்காது. எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது. அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதிய இந்த உண்மைதான் எல்லா நடவுக்கும் அடிப்படை. சிக்கல் கையிருப்பில். நடுவதற்கு எடுக்கும் சிறு முடிக்கொத்துக்குக் கிராஃப்ட் என்று பெயர்; ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும். பலருக்கு ஆயுளுக்கும் சேர்த்து 5,000 முதல் 7,000 கிராஃப்ட்தான் எடுக்க முடியும். இயற்கையான அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு இப்படிப்பட்ட 80 கொத்து போல. முழுச் சொட்டை 200 சதுர சென்டிமீட்டர் வரை விரியலாம். பெருக்கிப் பார்த்தால் 16,000. எந்தப் பின்தலையும் இதைத் தராது. அதனால் நடுபவர்கள் 30, 40 அடர்த்தியில், எங்கே கண்ணில் படுமோ அங்கே மட்டும் வைக்கிறார்கள்.

இருபத்திரண்டு வயதில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பதினாறு வயது நெற்றிக்கோடே வேண்டும் என்று தாழ்வாக, நேர்க்கோடாக 3,000 கிராஃப்ட் நட்டுவிட்டால், பத்து வருஷத்தில் அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி போய், முன்னால் ஒரு கீற்று, நடுவில் வெறும் திட்டு என்று நிற்கும். அப்போது நிரப்பக் கையிருப்பு இருக்காது. முதலில் ஒரு வருஷமாவது மருந்தில் நிலைநிறுத்திவிட்டு, அதன் பிறகும் தேவையென்றால் கொஞ்சம் ஏறிய, ஓரம் குடைந்த நெற்றியாக நட்டுக்கொள்வதுதான் நாற்பது வயதிலும் இயல்பாகத் தெரியும். மருந்து எடுக்கவே மாட்டேன் என்பவருக்கு இளவயதில் நடவைப் பரிந்துரைக்க முடியாது.

ஆலோசனைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை: துளையிடுவது மருத்துவரா, உதவியாளரா? பின்தலை அடர்த்தியை அளந்தீர்களா? இன்று எடுத்தால் மிச்சம் எவ்வளவு? பதிலுக்குப் பதிலாகத் தள்ளுபடியைப் பற்றிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். நட்ட முடி இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் கொட்டும், அது இயல்பு. மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுப் பலன் பன்னிரண்டு மாதத்தில், உச்சியில் இன்னும் தாமதம்.

மருந்து வேலை செய்யும்வரை, அல்லது வேண்டாம் என்றால்

மெலிந்த முடியை நீளமாக வளர்த்து மறைப்பது மெலிவைத்தான் எடுத்துக்காட்டும். நீளம் கூடக்கூட முடி கொத்துக்கொத்தாகப் பிரியும், நடுவில் தோல் தெரியும். பக்கவாட்டை ஒட்ட வெட்டினால் மேலே இருப்பது அடர்த்தியாகத் தெரியும். பக்கத்துக்கு டிரிம்மரில் மாட்டும் 1 அல்லது 2-ஆம் எண் கார்டு, அதாவது 3 அல்லது 6 மில்லிமீட்டர். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கத்தரியால். பளபளக்கும் ஜெல் முடியை ஒட்டவைத்துத் தோலைக் காட்டும், முடியை நிறுத்தப் பளபளப்பில்லாத கிளே என்ற பூச்சு கொஞ்சமாகப் போதும். மெலிவை மறைக்கத் தூவும் கெரட்டின் தூள், முடி இருக்கும் இடத்தில்தான் ஒட்டும். மொட்டை இடத்தில் தூவினால் தோலில் பூசிய மாதிரி தெரியும், வியர்வையில் வழியும். மினாக்சிடில் நன்றாகக் காய்ந்த பிறகே தூவ வேண்டும்.

முழுக்க மழித்துவிடுவதும் முழுமையான ஒரு தீர்வுதான். தயக்கம் இருந்தால் முதலில் எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டருக்கு டிரிம்மர் ஓட்டி இரண்டு வாரம் பழகுங்கள், பிறகு கார்டு இல்லாமல், அதன் பிறகு ரேசர். வெந்நீரில் ஊறிய தலையில், முடி சாயும் திசையிலேயே, அழுத்தாமல். பின்கழுத்தருகே முடி சாயும் திசை மாறும். விரலால் தடவிப் பார்க்காமல் இழுத்தால் அங்கேதான் கொப்புளம் வரும். இதுவரை வெயில் படாத தோல் என்பதால் வெளியே போகும் முன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் அல்லது தொப்பி வேண்டும். மழித்த பிறகும் ஓரங்களுக்காக மினாக்சிடிலைத் தொடர்பவர்கள், ரேசர் ஓட்டிய உடனே பூசாமல் அடுத்த வேளைக்குத் தள்ளிப்போடுங்கள். சிராய்த்த தோல் வழியாக ரத்தத்தில் போய்ச் சேரும் மருந்து கூடும்.